கீழ் ஆறாம் தளம், நன்றாகக் கேட்கிறது

உங்கள் அலுவலகத்தில் பார்லி டீ நன்றாக இருக்கிறது. பொட்டலத்தை வெந்நீரில் முக்கி உடனே எடுத்துவிடாமல் ஊறவிட்டிருக்கிறீர்கள். எங்கள் கம்பெனியில் அந்த அளவுக்குப் பொறுமை உள்ளவர் யாருமில்லை. நேற்று இரண்டு குவளை குடித்தேன். இன்றும் கொடுத்தால் மறுக்கப் போவதில்லை, என் வாக்குமூலம் கொஞ்சம் நீளம்.

பெயர் யோம் கி-தே. வயது அறுபத்தொன்று. ராணுவத்தில் சிக்னல் பிரிவில் இருந்தேன். அதற்கப்புறம் முப்பத்து மூன்று வருடங்களாகச் சாங்வொனிலும் சுற்றுப்பக்கத்திலும் கட்டடங்களின் தீயணைப்புச் சாதனங்களைச் சோதித்துத் தாளில் எழுதிக் கொடுக்கும் வேலை. பெரிய கட்டடம் என்றால் வருடத்துக்கு இரண்டு முறை போவோம். சோதிக்கும் கம்பெனி எது என்று முடிவு செய்வது சோதிக்கப்படும் கட்டடம்தான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நாட்டில் ஏற்பாடு அப்படி, நான் செய்த ஏற்பாடு இல்லை.

உன்பா டவருக்குக் கீழே ஆறு தளங்கள். அந்த ஆழத்தில் வாக்கி டாக்கி வேலை செய்யாது, கான்கிரீட் எல்லா அலையையும் விழுங்கிவிடும். அதனால் கூரையோரமாகக் கட்டைவிரல் கனத்தில் ஒரு கறுப்புக் கம்பி இழுத்திருப்பார்கள். அது தன் நீளம் முழுக்க ரேடியோ அலையைக் கசியவிட்டுக்கொண்டே போகும். அதன் மேல்முனை தரைத் தளத்தில், வெளிச்சுவரில் இருக்கும் ஒரு சிவப்புப் பெட்டிக்குள் வந்து முடியும். தீயணைப்பு வண்டி வந்ததும் பெட்டியைத் திறந்து அவர்களுடைய வாக்கி டாக்கியை அதில் செருகுவார்கள். கீழே போனவர்கள் பேசுவது மேலே கேட்கும், மேலே இருப்பவர் பேசுவது கீழே கேட்கும். புகைக்குள் போகிறவனுக்கு மேலுலகத்தோடு இருக்கும் ஒரே தொடர்பு அந்தக் கம்பிதான்.

அதைச் சோதிக்க இரண்டு பேர் வேண்டும். நான் சிவப்புப் பெட்டியருகே நிற்பேன். ஹா சங்-பில் கீழே இறங்கித் தளத்துக்கு நான்கு தூண் வீதம் நின்று நின்று பேசுவான். பத்தொன்பது வருடங்கள் அவன் என் ஜோடி. என்னைவிட நான்கு வயது சின்னவன், வாய் மட்டும் பெரிசு.

"கீழ் ரெண்டு, பி-ஏழாம் தூண். கேக்குதாண்ணே?"

"நல்லா கேக்குது."

"மத்தியானம் பன்றிக் குடல் சூப்பா, குளிர் நூடுல்ஸா?"

"வேலையப் பாருடா."

"இல்ல, இதுவும் சோதனைதான். சாப்பாட்டு விஷயம் உங்க காதுல எப்படி விழுதுன்னு பாக்கறேன்."

இப்படித்தான் போகும். அவன் ஒவ்வொரு முறை "கேக்குதா" என்று கேட்டதும் நான் "நல்லா கேக்குது" என்பேன், தாளில் நேரத்தைக் குறிப்பேன், பக்கத்தில் ஒரு வட்டம் போடுவேன். வட்டம் என்றால் சரி. பெருக்கல் குறி போட்டால் தப்பு.

நான்கு வருடங்களுக்கு முன்னால், ஒரு ஜனவரி மாதம், கீழ் ஆறிலிருந்து அவன் குரல் வரவில்லை. வெறும் இரைச்சல். ஐந்தாம் தளத்தின் சுவரில் ஆறாம் தளத்துக்கென்றே ஓர் ஆம்ப்ளிஃபயர் மாட்டியிருக்கிறது. அதற்குள் இரண்டு பாதி உண்டு. ஒன்று மேலிருந்து வரும் குரலைக் கீழே தள்ளும், இன்னொன்று கீழிருந்து வரும் குரலை மேலே தூக்கும். தூக்குகிற பாதி செத்துப்போயிருந்தது. தள்ளுகிற பாதி நன்றாக இருந்தது. அதாவது நான் பேசுவது அவனுக்குக் கேட்கும். அவன் பேசுவது எனக்குக் கேட்காது.

அன்று கடும் குளிர். அலாரம் சோதனை நடக்கும்போது லிஃப்ட்டுகளை நிறுத்திவிடுவார்கள், எல்லாம் படிக்கட்டுதான். சங்-பிலுக்கு இடது முழங்கால் சரியில்லை. நான் "கேக்கல" என்று சொன்னால் அவன் மேலே ஏறிவந்து கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு மறுபடி இறங்க வேண்டும். அப்புறம் கட்டட மேலாளரைக் கூப்பிட வேண்டும், அப்புறம் மறுசோதனை. அதற்கு முந்தின வருடம் வேறொரு கட்டடத்தில் நான் பெருக்கல் குறி போட்டேன். அந்தக் கட்டடம் அடுத்த முறை வேறு கம்பெனிக்குப் போனது. எங்கள் முதலாளி ஒரு வார்த்தை திட்டவில்லை. என் மேஜையைக் கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார். முப்பது வருடம் வேலை பார்த்தவனுக்கு அது புரியும்.

ஆகவே நான் கடிகாரத்தைப் பார்த்தேன். படிக்கட்டிலிருந்து முதல் தூணுக்கு அவன் காலுக்கு எத்தனை நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். நாற்பது விநாடி. பேசி முடிக்க ஐந்து. பொத்தானை அமுக்கி, "நல்லா கேக்குது" என்றேன். பிறகு நாற்பது விநாடிக்கு ஒன்றாக மூன்று முறை. நான்கு வட்டம் போட்டேன். கொஞ்ச நேரத்தில் அவன் மூச்சு வாங்க மேலே வந்து, "என்னண்ணே, இன்னிக்குச் சீக்கிரம் முடிஞ்சிருச்சு" என்று சந்தோஷப்பட்டான். எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

அதற்கப்புறம் எட்டு சோதனைகள் அப்படித்தான். எட்டுக்கு நான்கு, முப்பத்திரண்டு வட்டங்கள். ஒன்றில்கூட நேரம் பிசகியதில்லை என்று நினைத்திருந்தேன்.

நேற்று நீங்கள் ஒரு போட்டோவைக் காட்டினீர்கள். சங்-பில் ஜிரி மலை உச்சியில் இரண்டு விரலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். முழங்கால் ஆபரேஷன் மூன்று வருடங்களுக்கு முன்பே முடிந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமைதோறும் மலையேறுகிறவனுக்கு ஆறு மாடி ஏறுவது கஷ்டமா என்று கேட்டீர்கள். அந்தப் போட்டோவை எடுத்தவனே நான்தான். ஏறும்போது அவன் எனக்கு முன்னால் போனான். இறங்கும்போது கொஞ்சம் நொண்டினான். நான் அதைத்தான் மனதில் வைத்திருந்தேன்.

சரி, மே மாதச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

சோதனை நாளில் கட்டட மேலாளர் ஒலிபெருக்கியில் அறிவிப்பார். "இன்று தீயணைப்புச் சோதனை நடைபெறுகிறது. மணி அடித்தால் யாரும் பதற வேண்டாம்." அன்று காலையிலிருந்து மணி நான்கு முறை அடித்திருந்தது. ஒருவரும் பதறவில்லை. ரேடியோ முறை மத்தியானம் வந்தது. சங்-பில் இறங்கினான். முதல் ஐந்து தளங்களில் அவன் குரல் கணீரென்று வந்தது. மகள் வாங்கிக் கொடுத்த புதுச் செருப்பு கடிக்கிறதென்று தளத்துக்குத் தளம் புலம்பினான். ஐந்தில் நான்காம் தூணை முடித்து, "ஆறுக்குப் போறேன்" என்றான். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்று ஐம்பத்திரண்டுக்கு முதல் வட்டம். கடைசி வட்டம் ஒன்று ஐம்பத்து நான்கு.

இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு மணி அடித்தது. அதையும் சோதனை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், நான் உட்பட. கார் இறங்கும் சரிவுப் பாதையிலிருந்து புகை வந்தபோதுதான் புரிந்தது. கீழ் ஆறில் கடைக்காரர்கள் தெர்மாகோல் பெட்டிகளைக் குவிக்கும் ஒரு மூலை உண்டு. தீ அங்கே பிடித்திருந்தது. கடைகளில் இருந்தவர்கள் வெளியே வந்துவிட்டார்கள். சங்-பில் வரவில்லை. வாக்கி டாக்கியில் கூப்பிட்டேன். இரைச்சல்தான். கீழ் ஆறில் இருந்தால் இரைச்சல்தானே வரும் என்று நினைத்தேன். மறுபடி மறுபடி கூப்பிட்டேன்.

இரண்டு பதினான்குக்கு முதல் வண்டி வந்தது. கேப்டன் மோக் இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்பதுதான்.

"என் ஜோடி இருக்கான். கீழ் ஆறு. பேரு ஹா சங்-பில்."

"கடைசியா எப்பப் பேசினீங்க?"

"ஒண்ணு அம்பத்து நாலுக்கு. அங்கிருந்துதான் பேசினான்."

தாளைக் காட்டினேன். அவர் வட்டங்களைப் பார்த்தார். பெட்டியைத் திறந்து ரேடியோவைச் செருகினார். இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தார். பெரியவர் ஜூ ஜோங்-ஹான், நாற்பத்து நான்கு வயது. மற்றவர் தோ ஜின்-ஊ, முப்பத்தொன்று. பெயர்கள் எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது இரண்டு முகமூடிகள், இரண்டு காற்றுச் சிலிண்டர்கள். ஒருவர் என் தோளைத் தட்டி, "கூட்டிட்டு வந்திடறோம் ஐயா" என்றார். யார் அது என்று இன்றைக்கும் தெரியாது.

ஐந்தாம் தளத்திலிருந்து அவர்கள் குரல் நன்றாக வந்தது. "கீழ் அஞ்சு. புகை லேசாத்தான் இருக்கு. ஆறுக்கு இறங்கறோம்." கேப்டனுக்குத் திருப்தி. ரேடியோ வேலை செய்கிறது. சரிவுப் பாதையில் குழாய் சிக்கிக்கொண்டதென்று அவரைக் கூப்பிட்டார்கள், ஆள் பற்றாக்குறை. அவர் என்னிடம் திரும்பினார்.

"ஐயா, உங்களுக்கு இந்தப் பெட்டி பழக்கம். கட்டடமும் தெரியும். அஞ்சு நிமிஷம் பாத்துக்கங்க. கூப்பிட்டா உடனே பதில் சொல்லணும். மூணு தடவ கூப்பிட்டுப் பதில் வரலன்னா வந்த வழியே திரும்பிடுவாங்க, அது எங்க சட்டம். ஏதாவது கேட்டாங்கன்னா என்னைக் கத்திக் கூப்பிடுங்க."

அவர் என் கையில் வாக்கி டாக்கியைக் கொடுத்தார். கீழ் ஆறு கேட்காது என்று சொல்ல அதுதான் நேரம். சொல்ல ஒரு மூச்சு போதும். சொல்லியிருந்தால் அவர்கள் திரும்பியிருப்பார்கள், சங்-பில் அங்கேயே கிடந்திருப்பான். நான் அப்படித்தான் யோசித்தேன். ஆகவே இரைச்சலைக் கேட்டுக்கொண்டு நின்றேன். புகைக்குள் நடக்கிறவர்கள் தூணுக்குத் தூண் போக எத்தனை நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டேன். ஒன்றரை நிமிடம் என்று வைத்தேன். பொத்தானை அமுக்கி, "நல்லா கேக்குது, தொடருங்க" என்றேன்.

அப்படி நான்கு முறை சொன்னேன். அந்த நான்கையும் சங்-பிலுக்காகச் சொன்னேன். நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும் அது உண்மை. அவர்கள் திரும்பிவிடக் கூடாது, அது ஒன்றுதான் என் மனதில் இருந்தது.

இரண்டு இருபத்தைந்து இருக்கும். என் முதுகுக்குப் பின்னால், "அண்ணே" என்று ஒரு குரல். திரும்பினேன். சங்-பில். கையில் பாதி தின்ற சோற்று உருண்டை, கடற்பாசித் தாள் உதட்டில் ஒட்டியிருந்தது. சட்டையில் துளி கரி இல்லை.

"எங்கடா இருந்த?"

"பின்தெருக் கடையில, வாக்கி டாக்கிய அணைச்சிட்டு உக்காந்திருந்தேன். வாசல்ல நாற்காலி போட்டிருக்கான்ல, அங்க. வண்டிங்க சத்தம் கேட்டு யாருக்கோ என்னமோன்னு நெனச்சேன். இங்கயா தீ?"

"நீ கீழ் ஆறுக்குப் போகலயா?"

அவன் சோற்று உருண்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. ரெண்டு வருஷமாப் போறதில்ல. அஞ்சு முடிச்சதும் பின்பக்கச் சரிவு வழியா வெளிய வந்திருவேன்."

"ரெண்டு வருஷமாவா?"

"ஒரு தடவ நான் பட்டனை அமுக்கறதுக்கு முன்னாடியே 'நல்லா கேக்குது'ன்னீங்க. நான் வாயே தெறக்கல. சரி, அண்ணனுக்கும் அலுத்துப் போச்சு போலன்னு நெனச்சுக்கிட்டேன். நீங்க ஒண்ணும் கேக்கல, நானும் ஒண்ணும் சொல்லல."

எனக்குக் கோபம் வரவில்லை. மகிழ்ச்சி பொங்கியது என்றுதான் சொல்ல வேண்டும். அவன் உயிரோடு இருந்தான். அவனைக் கட்டிப்பிடித்தேன். இரண்டு வருடங்களாக நான் காலியான பாதாளத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன் என்பது அப்போது வேடிக்கையாகக்கூட இருந்தது. சிரித்தும் இருப்பேன்.

அதற்கப்புறம் என் கையில் இருந்த வாக்கி டாக்கி ஞாபகம் வந்தது.

நீங்கள் இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறீர்கள். நேற்றும் வைத்தீர்கள். பரவாயில்லை, மெதுவாகவே சொல்கிறேன். என் குரல் கீழே கேட்கும். அது எனக்குத் தெரியும். "ஆள் கிடைச்சாச்சு, மேல வாங்க." ஐந்து வார்த்தைகள் கூட இல்லை. பொத்தான் என் விரலின் கீழே இருந்தது. ஆனால் கேப்டன் இருபது அடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். சொன்ன உடனே வந்து கேட்பார். எங்கே கிடைத்தான்? பின்தெருக் கடையிலா? அப்படியானால் ஒன்று ஐம்பத்து நான்குக்குக் கீழ் ஆறிலிருந்து பேசியது யார்? தாள் என் கையில் இருந்தது. கீழே கையெழுத்துப் போட இரண்டு கட்டம் உண்டு, சோதித்தவர், உடன் சோதித்தவர். சங்-பிலின் மகளுக்கு இலையுதிர் காலத்தில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் அரசாங்க உத்தியோகஸ்தர்கள். அவன் பெயர் பேப்பரில் வந்தால் என்ன ஆகும்?

அவனிடம் சொன்னேன். "வண்டியில போய் உக்காரு. கண்ணாடிய ஏத்திக்க. நான் கூப்பிடற வரைக்கும் இறங்காத."

"உள்ள யாராவது போயிருக்காங்களா?"

"யாரும் போகல. போ."

அவன் போனான். அதனால் அவனைக் கேட்டுப் பிரயோஜனமில்லை. அவனுக்குத் தெரியாது. அவன் அழுதுகொண்டே இருக்கிறான் என்று கேள்விப்பட்டேன். அவனைச் சும்மா விடச் சொல்லுங்கள்.

நான் மறுபடியும் இரைச்சலைக் கேட்டேன். அங்கே யாரும் இல்லையென்று அவர்களே பார்த்துவிட்டுத் தாமாக ஏறிவந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். கெட்டிக்காரர்கள், பழகியவர்கள். வந்ததும் யாரையும் காணோம் என்பார்கள். சங்-பில் வேறு வழியாக வெளியே வந்துவிட்டான் என்று நான் சொல்வேன். எல்லாம் சரியாகிவிடும். அதுவரைக்கும் அவர்கள் கூப்பிடும்போது பதில் வராவிட்டால் ரேடியோ கெட்டுப்போயிருக்கிறது என்று தெரிந்துவிடும். ஆகவே ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை பொத்தானை அமுக்கினேன். ஒவ்வொரு முறையும் இந்த முறை மேலே வரச் சொல்லிவிடலாம் என்றுதான் அமுக்கினேன். வாய் திறந்தால் பழகிய வார்த்தைதான் வந்தது.

தண்ணீர்க் குழாய் எங்கோ விட்டுப்போய் வாசலெல்லாம் தண்ணீர் தெறித்தது. தாளை மடித்து நனையாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.

இரண்டு முப்பத்தொன்றுக்குக் கேப்டன் ஓடிவந்தார்.

"என்ன சொல்றாங்க?"

"தேடிக்கிட்டு இருக்காங்க."

"காத்து எவ்வளவு இருக்காம்?"

"போதும்னாங்க."

நான் அப்படிச் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது குழுவை உள்ளே அனுப்ப அவர் முகமூடி மாட்டச் சொல்லியிருந்தார். என் பதிலைக் கேட்டுவிட்டு அவர்களைத் தீயின் பக்கம் அனுப்பினார்.

இரண்டு நாற்பதுக்கு அவருக்கே சந்தேகம் வந்து வாக்கி டாக்கியை என் கையிலிருந்து பிடுங்கினார். கூப்பிட்டார். இரைச்சல். மறுபடி கூப்பிட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். வாக்கி டாக்கியைத் தரையில் போட்டுவிட்டு அவரே படிக்கட்டை நோக்கி ஓடினார். இரண்டு ஐம்பத்தெட்டுக்கு அவர்களைக் கண்டுபிடித்தார்கள்.

முந்தாநாள் நீங்கள் எனக்கு ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினீர்கள். ஜோங்-ஹானின் தலைக்கவசத்தில் இருந்த சின்னக் கேமராவில் பதிவானது. படம் முழுக்கக் கறுப்பு, குரல்கள் மட்டும் தெளிவு. கீழ் ஆறிலிருந்து மனிதக் குரலை நான் தெளிவாகக் கேட்டது நான்கு வருடத்தில் அதுதான் முதல் முறை.

"கீழ் ஆறு. உள்ள வந்துட்டோம். கேக்குதா?"

"நல்லா கேக்குது, தொடருங்க."

அவர்கள் சங்-பிலைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். ஹா ஐயா, ஹா ஐயா என்று. நிறைய முறை கூப்பிடுகிறார்கள்.

"ஆளக் காணோம். கடைசியா எந்தத் தூண்கிட்ட நின்னாரு?"

"நல்லா கேக்குது, தொடருங்க."

"புகை எறங்கிருச்சு. பிடிச்சுட்டு வந்த கயிறு அறுந்துபோச்சு. படிக்கட்டு எந்தப் பக்கம்?"

"நல்லா கேக்குது, தொடருங்க."

எழுத்துப் பிரதியில் என் பதில்களைச் சிவப்பில் வட்டமிட்டிருக்கிறீர்கள். மொத்தம் பதினொன்று. அதில் ஏழு, அவர்கள் கேள்வி முடிந்த கையோடு வந்திருக்கின்றன, கேட்காமல் இது எப்படிச் சாத்தியம் என்கிறீர்கள். நான் கேட்கவில்லை. எனக்கு அனுபவம் அதிகம், அவ்வளவுதான்.

பிறகு அந்த இடம் வருகிறது.

"மேல. சி-பதினாலாம் தூண்கிட்ட இருக்கோம். காத்து கொஞ்சம்தான் இருக்கு. ஆள் அனுப்புங்க."

"நல்லா கேக்குது."

அந்த முறை மட்டும் 'தொடருங்க' சொல்ல மறந்திருக்கிறேன். களைப்பாக இருந்திருக்கும். ஜின்-ஊவின் குரல், "அண்ணே, இன்னொரு தடவ சுவத்தத் தடவிப் பாக்கலாமா? படிக்கட்டு இங்கதான் எங்கயோ இருக்கணும்" என்கிறது. ஜோங்-ஹான் பதில் சொல்கிறார். "வேணாம். எடத்தச் சொல்லியாச்சு, அவங்க கேட்டுட்டாங்க. நாம நகந்தா வர்றவங்க நம்மளத் தேடணும். உக்காரு. பேசாம மெதுவா மூச்சு விடு." உட்காரும் சத்தம் கேட்கிறது, சிலிண்டர் தூணில் உரசுகிற சத்தம். அந்தத் தூணிலிருந்து படிக்கட்டுக் கதவு ஒன்பது தப்படி என்று நீங்கள் அளந்து சொன்னீர்கள். நானும் அந்தத் தளத்தை அறிவேன். ஒன்பது இருக்காது, எட்டுதான் இருக்கும்.

அப்புறம் என் குரல் இன்னும் இரண்டு முறை. பிறகு கேப்டனின் குரல். "ஜோங்-ஹான், எங்க இருக்க?" ஜோங்-ஹான் சொல்கிறார். "சொல்லிட்டமே கேப்டன். சி-பதினாலு." கேப்டன் மறுபடியும் கேட்கிறார். "ஜோங்-ஹான், எங்க இருக்க?"

அங்கே நீங்கள் நிறுத்தினீர்கள். இன்னும் பதினோரு நிமிடம் இருக்கிறது, கேட்கிறீர்களா என்று கேட்டீர்கள். வேண்டாம் என்றேன்.

இனி கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, கேட்டதாகச் சொன்னேன். ஆள் மேலே நிற்பது தெரியும், அதை அவர்களிடம் சொல்லவில்லை. காற்று போதும் என்று அவர்கள் சொல்லவில்லை, நான் சொன்னேன். முதல் நான்கு பதில்கள் சங்-பிலுக்காக. மீதி ஏழும் அந்தத் தாளுக்காக. அவர்கள் என்னால்தான் திரும்பவில்லை, என்னால்தான் உட்கார்ந்தார்கள். இதில் எதையும் நான் மறுக்கவில்லை, வக்கீலும் வேண்டாம்.

ஒன்றை மட்டும் சேர்த்து எழுதுங்கள். அவர்கள் பயப்படவில்லை. மேலே ஒருவன் கேட்டுக்கொண்டிருக்கிறான், ஆள் வருகிறார்கள் என்ற நிம்மதியோடுதான் கடைசி நிமிடம் வரைக்கும் இருந்திருக்கிறார்கள். அந்தப் பதினோரு நிமிடத்தில் ஒரு முறைகூட அவர்கள் குரல் நடுங்கியிருக்காது. ஜின்-ஊவின் மனைவியிடம் யாராவது இதைச் சொன்னால் அவருக்கு ஆறுதலாக இருக்கும்.